இன்சுலின் அளவு தவறிவிட்டது. "சாப்பிடவில்லை என்று எழுது" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பென்னாகரத்துப் பெண் எழுதியது:

மூத்த சிஸ்டர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். டிப்ளமா நர்சிங் முடித்துப் பதினான்கு மாதங்களாகக் கொங்கு நாட்டில் ஒரு நகரத்தில், 120 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். என் தவறை மட்டும் ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை எனக்கு இரவுப் பணி. எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டு மணிக்குத்தான் இறங்குவோம். ஆண்கள் வார்டில் அன்று 22 நோயாளிகள். இருவர் பணியில் இருக்க வேண்டும். எட்டேகாலுக்கு எமர்ஜென்சியிலிருந்து ஆள் வந்து, தலையில் அடிபட்ட ஒருவரோடு சி.டி. ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று இன்னொரு சிஸ்டரை அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது பதினொன்றரை.

ஒன்பதாம் படுக்கையில் ஓர் ஐயா. வயது 62. நாற்பது ஆண்டுகள் விசைத்தறியில் நின்றே வேலை செய்தவர். வலது பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண். இரவு உணவுக்கு முன்பு ரெகுலர் இன்சுலின் 12 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. அவருடைய இன்சுலின் குப்பி மாலையிலேயே தீர்ந்துவிட்டது. மருந்தகத்தில் குப்பி இருப்பு இல்லை என்று கேட்ரிட்ஜ் அனுப்பியிருந்தார்கள். அதைப் பொருத்தி இன்சுலின் போடுகிற பேனா வரவில்லை. பேனா இல்லாவிட்டால் கேட்ரிட்ஜின் ரப்பரில் ஊசியைக் குத்தி எடுப்பது எங்கள் வார்டில் வழக்கம். நான் சேர்ந்த மாதமே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்த ஊசியால் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தட்டில் இருந்த சிவப்பு மூடி ஊசியை எடுத்தேன். 12 என்ற கோடு வரை இழுத்தேன். போட்டேன்.

அரை மணி கழித்து அவர் நான்கு இட்லி சாப்பிட்டார். மனைவி பிட்டுப் பிட்டுக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இது பின்னால் முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

பத்தே முக்காலுக்குக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த மகன் ஓடிவந்தார். "சிஸ்டர், அப்பா சட்டையெல்லாம் நனைந்து கிடக்கிறது, கூப்பிட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்." குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 42க்கு இறங்கியிருந்தது. டியூட்டி டாக்டரை அழைத்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், 100 மில்லி ஏற்றினோம். கால் மணி நேரத்தில் 126 வந்தது. ஐயா கண் விழித்து, "விடிந்துவிட்டதா?" என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒன்றேகாலுக்கு மறுபடியும் 58. டாக்டர் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் போட்டு, மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். வழக்கமான அளவு மருந்து, வழக்கமான சாப்பாடு, பிறகு ஏன் இரண்டாம் முறையும் இறங்குகிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து கேட்ரிட்ஜை எடுத்துப் படித்தேன். ஒரு மில்லிக்கு 100 யூனிட். தட்டில் கிடந்த சிவப்பு மூடி ஊசியின் உறையில் 40 என்று இருந்தது, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி மருந்துக்கான ஊசி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 ஊசியில் 12ஆம் கோடு என்பது 0.3 மில்லி. குப்பி மருந்தாக இருந்தால் அது 12 யூனிட். கேட்ரிட்ஜ் மருந்தில் அது 30 யூனிட். பன்னிரண்டு போக வேண்டிய உடலில் முப்பது போயிருக்கிறது.

அந்த நிமிடமே டாக்டரை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கை நடுங்கியது, வாய் வரவில்லை. ஆறு மணி வரை ஒவ்வொரு மணிக்கும் அவர் விரலைக் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் நர்சிங் சூப்பரிண்டென்டென்டிடம் அழைத்துப்போனார். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நோயாளி நன்றாகத்தானே இருக்கிறார்? இரவு உணவு சரியாகச் சாப்பிடவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடு. விஷயம் வெளியே போனால் போலீஸ் வழக்காகும், உன் நர்சிங் பதிவே போய்விடும்" என்றார். என் அசல் சான்றிதழ்கள் அவர்கள் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதங்கள் பாக்கி. அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்த்து என் கல்விக் கடனுக்குத் தவணை கட்டுகிறார்.

அந்த வரியை நான் இன்னும் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. ஷீட்டில் சர்க்கரை அளவும் கொடுத்த டெக்ஸ்ட்ரோஸும் மட்டும் இருக்கின்றன. காரணம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை அந்த மகன் செய்தித்தாளில் சுற்றி இரண்டு துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் தறியில் நெய்தவை. "நீங்கள் இல்லையென்றால் அப்பா இல்லை" என்றார். விடுதி அறையில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். புதன்கிழமை அவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நான் யாரிடம், என்ன சொல்ல வேண்டும்? எதை எழுத வேண்டும்?

---

ஓய்வு பெற்ற செவிலி எழுதியது:

மகளே, அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் வேலை செய்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். உனக்கு நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அவருடைய இன்சுலின் அளவைக் குறைத்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஷீட்டில் இரண்டு முறை சர்க்கரை இறங்கியதாக இருக்கிறது, காரணம் இல்லை. அதைப் பார்க்கிற எந்த டாக்டரும் "12 யூனிட் இவருக்கு அதிகம்" என்றுதான் முடிவு செய்வார். அப்படிக் குறைத்திருந்தால் அந்த ஐயாவுக்கு இப்போது தேவையான மருந்து போகவில்லை. சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் கால் புண் ஆறாது. ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்குத் தெரியும். "சாப்பிடவில்லை" என்ற வரியைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

இனி என் கதை. 1991ஆம் ஆண்டு, எனக்கு வேலையில் ஏழாவது வருடம். அறுவை சிகிச்சை வார்டில் காய்ச்சி வடித்த நீர் ஆம்பியூலும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் ஒரே தட்டில் கிடக்கும். இரண்டும் பத்து மில்லி, இரண்டும் கண்ணாடி, இரண்டிலும் தண்ணீர் போன்ற மருந்து. பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஒரு நாள் ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க நான் உடைத்தது பொட்டாசியம். ஊசியை நரம்பில் வைக்கப் போகும்போது, தட்டில் கிடந்த ஆம்பியூலின் கழுத்து கண்ணில் பட்டது. கொட்டிவிட்டேன். நெஞ்சு ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லையே, எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். தட்டு அப்படியே இருந்தது. அடுத்த மாதம் அதே தட்டில் இன்னொரு சிஸ்டர் கை வைத்தார். அந்த நோயாளிக்கு நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். விசாரணையில் அந்தச் சிஸ்டர் ஒருவர்தான் நின்றார். என் பெயர் எங்கும் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் விளக்கேற்றும் விழாவுக்கு என்னைப் பேச அழைத்தால், மாணவிகள் "தீங்கு தரும் மருந்தைத் தெரிந்து கொடுக்க மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்கும் இடத்தில் எனக்கு அந்தத் தட்டுதான் தெரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் தட்டில் இப்போதும் சிவப்பு மூடி ஊசியும் ஃப்ரிட்ஜில் கேட்ரிட்ஜும் இருக்கின்றன அல்லவா? இன்று இரவு அங்கே யார் பணியில் இருக்கிறார்கள்?

நீ செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அவருக்கு மருத்துவம் பார்க்கிற பெரிய டாக்டரிடம் போ. இன்றே போ. டெலிபோனில் வேண்டாம். நேரில், ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன். "12 யூனிட்டுக்குப் பதிலாக 30 யூனிட் போய்விட்டது, 40 ஊசியால் 100 மருந்தை எடுத்தேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அழ வேண்டும் என்றால் பிறகு அழு. அவர் அளவைத் திருத்தட்டும்.

பிறகு நர்ஸ் குறிப்பில் எழுது. பழைய பக்கத்தில் வரிகளுக்கு நடுவே நுழைக்காதே. அடிக்காதே, வெள்ளை மை பூசாதே. இன்றைய தேதியும் நேரமும் போட்டு, "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்ன மருந்து, எந்த ஊசி, எத்தனை மில்லி, எப்போது தெரிந்தது, இன்று யாரிடம் சொன்னாய் என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. யார் மேலும் பழி வேண்டாம், உன்னையும் திட்டிக்கொள்ளாதே. "சாப்பிடவில்லை" என்று மட்டும் எந்தக் காலத்திலும் எழுதாதே. இதுவரை உன் கணக்கில் இருப்பது தவறு. அந்த வரியை எழுதினால் அது பொய் ஆவணம்.

குடும்பத்திடம் தனியாகப் போய் நிற்காதே. டாக்டரோடு போ. மூளைக்குப் பாதிப்பு உண்டா, இனி என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் அங்கே இருக்க வேண்டும்.

ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது சாதாரண வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தால் மூவருக்கு ஒருவர். அன்று உன் கையில் 22 பேர். உன் தவறு குறைந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பவ அறிக்கை எழுதும்போது இந்த எண்ணையும் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

பென்னாகரத்துப் பெண் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது சரி. வெள்ளிக்கிழமை காலையிலேயே 12 யூனிட்டை 6 ஆக்கிவிட்டார்கள். இதை நான் இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. இப்போது போய் ஷீட்டைப் பார்த்தேன். நேற்றுக் காலை வெறும் வயிற்றில் 248, இரவு 312. புண்ணில் நீர் கசிவதாக டிரெஸ்ஸிங் சிஸ்டர் எழுதியிருக்கிறார். என் கை ஓடவில்லை.

---

மஸ்கட் செவிலியர் எழுதியது:

சகோதரி, நான் சேலத்தில் படித்தவன். சொந்த ஊர்ப் பக்கம் ஐந்து ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது ஓமானில் இருக்கிறேன். ஊரில் கடைசி இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையின் தரப் பிரிவில் இருந்தேன். மருத்துவமனைகளுக்குத் தேசிய அளவில் தரச் சான்று தருகிற என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரத்துக்கான ஆவணங்களைத் தயாரிப்பதுதான் வேலை.

உங்கள் மருத்துவமனைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ் தொங்கும். இருந்தால், மருந்துத் தவறுகளைப் பதிவு செய்து காரணத்தை ஆராய வேண்டும் என்பது அந்த விதிகளிலேயே இருக்கிறது. சம்பவ அறிக்கைப் படிவம் எங்காவது கட்டாயம் இருக்கும். கேளுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் "ஆண்டு முழுவதும் ஒரு மருந்துத் தவறுகூட நடக்கவில்லை" என்ற பதிவேட்டை நம்பவே மாட்டார்கள். தவறே இல்லாத வார்டு கிடையாது. எழுதாத வார்டு உண்டு.

இங்கே வந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். நான் வேலை செய்யும் இடத்தில் 40 யூனிட் குப்பியே கிடையாது. எல்லா இன்சுலினும் 100, எல்லா ஊசியும் 100. நீங்கள் செய்த தவறை இங்கே செய்ய விரும்பினாலும் செய்ய முடியாது. நம் ஊரில் குப்பி 40, கேட்ரிட்ஜ் 100. ஊசியில் சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. இரண்டு அளவுகளும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை தூக்கம் கெட்ட ஒரு கை என்றாவது ஒரு நாள் மாற்றி எடுக்கும். இன்னொன்று, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றையும் இங்கே இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொடுக்கிறோம். நீங்கள் அன்று தனியாக இருந்தீர்கள். இரண்டாவது கையெழுத்து யார் போடுவது? இதை அறிக்கையில் கேள்வியாகவே எழுதலாம்.

தலைகீழான தவறும் உண்டு. அது இன்னும் ஓசையில்லாமல் நடக்கும். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியால் 10 கோடு இழுத்தால் நான்கு யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், யாருக்கும் காரணம் தெரியாது. வீட்டில் போட்டுக்கொள்கிறவர்களிடம் இது அதிகம். அவரை அனுப்பும்போது மனைவிக்கும் மகனுக்கும் இந்த மூடிகளின் நிறத்தை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

போலீஸ் வழக்கு என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு ஒரு வார்த்தை. மருத்துவத் தொழிலில் இருப்பவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், சாதாரணக் கவனக்குறைவு போதாது என்று 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கண்டதும் சர்க்கரை பார்த்து, டாக்டரை அழைத்து, விடியும்வரை மணிக்கு ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்தவர் நீங்கள். அதெல்லாம் ஷீட்டில் உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. பொய் வரி ஒன்று சேர்ந்தால் அத்தனைக்கும் மதிப்புப் போய்விடும்.

---

ஏழாம் வார்டு எழுதியது:

நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படி ஒன்றைச் சொன்னேன். தவறு என்னுடையதுகூட இல்லை. தவறான நோயாளிக்கு இரத்தப் பை தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டு, எழுதினேன். எழுதிய பதினைந்தாம் நாள், "உங்கள் நடத்தை குழுவுக்கு ஒத்துவரவில்லை" என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. அது இல்லாமல் வேறு வேலை கிடைக்க ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதமும் என் கணவரின் ஆட்டோ வருமானத்தில் நான்கு பேர் சாப்பிட்டோம். அன்று செய்தது சரியா என்று கேட்டால் சரி என்பேன். மறுபடியும் செய்வாயா என்று கேட்டால் உடனே பதில் வராது.

ஆகவே தங்கைக்கு நான் சொல்வது, உண்மையைச் சொல். ஆனால் வெறுங்கையோடு போகாதே. டாக்டரிடம் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம், அது நோயாளியின் கால். அதே நாளில், அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேள். மின்னஞ்சலிலும் அனுப்பு, தேதி நிற்கும். சான்றிதழ் என்பது அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்துவைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் பணம் கேட்டு அவர்கள் வழக்குப் போடலாம். உன் மார்க் ஷீட்டைப் பூட்டிவைக்க முடியாது. நீ எழுதுகிற அறிக்கைக்கு ஒரு நகல் வைத்துக்கொள். ஆனால் நோயாளியின் கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுக்காதே. அது அவருடைய அந்தரங்கம். அதை வைத்தே உன்னை வீழ்த்துவார்கள்.

உறவினர்கள் திரண்டு வந்து அடிப்பார்களோ என்ற பயம் உனக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. மருத்துவமனைப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு வார்டு வாசலில் அந்தச் சட்டம் நம்மோடு நிற்பதில்லை. அதனால் பகலில், டாக்டரோடு, கதவு திறந்த அறையில் பேசு.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016இல் ஒரு பரிந்துரை கொடுத்தது. 100 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அரசு செவிலியர் சம்பளத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றது. உங்களுடையது 120 படுக்கை. உன் கையில் மாதம் எவ்வளவு வருகிறது என்று நான் கேட்கவில்லை. 22 பேரை ஒருத்தியிடம் விட்டுவிட்டு, தவறு நடந்ததும் "உன் பதிவு போகும்" என்று அவளைக் காட்டுகிறவர்கள், அதே அறையில் இந்தக் கணக்கையும் பேசட்டும்.

---

ஒரு நோயாளியின் மகள் எழுதியது:

நான் செவிலியர் இல்லை. அம்மாவின் மருந்து பற்றித் தேடியபோது இதைப் படித்தேன். எழுதாமல் போக மனம் வரவில்லை.

என் அம்மாவுக்கும் மருத்துவமனையில் இப்படி ஒரு இரவில் சர்க்கரை இறங்கியது. "நீங்கள் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை" என்றார்கள். அன்று அம்மாவோடு இருந்தவள் என் தங்கை. அவள் கல்லூரி படிக்கிற பெண். அரை டம்ளர் பால் மீதி இருந்ததை அவள் கொட்டியிருக்கிறாள். அதனால்தான் அம்மாவுக்கு அப்படி ஆயிற்று என்று இன்றுவரை நம்புகிறாள். அம்மா சாப்பிட உட்கார்ந்தால், தட்டு காலியாகும்வரை எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள். உண்மையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை.

அந்த ஐயாவுக்கு இட்லி பிட்டுக் கொடுத்தது அவர் மனைவி என்று எழுதியிருந்தீர்கள். "சாப்பிடவில்லை" என்ற வரி யார் தலையில் விழும் என்று பாருங்கள்.

எங்களிடம் வந்து ஒருவர் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அழுதிருப்பேன். மறுநாளும் அவரிடமே ஊசி போடச் சொல்லியிருப்பேனா என்றால், ஆம் என்றுதான் நினைக்கிறேன்.

---

பென்னாகரத்துப் பெண் எழுதியது:

செவ்வாய்க்கிழமை இரவு. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை ஏழரைக்கே போய் டாக்டரின் அறை வாசலில் நின்றேன். ஓய்வு பெற்ற அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேஸ் ஷீட்டை வரவழைத்து 6 யூனிட்டை அடித்துவிட்டுப் பழைய 12ஐ எழுதினார். "நான்கு நாட்களை வீணாக்கிவிட்டோமே அம்மா" என்றார். "வீணாக்கிவிட்டாயே" என்று அவர் சொல்லவில்லை. என் காதில் அது இன்னும் இருக்கிறது.

தாமதப் பதிவை அவர் அறையிலேயே உட்கார்ந்து எழுதினேன். பதினொரு வரிகள். 22 நோயாளிகள், ஒரு செவிலியர் என்பதையும் இரண்டாவது கையெழுத்துப் போட ஆள் இல்லை என்பதையும் எழுதினேன். படிவம் கேட்டேன். தரப் பிரிவில் தூசி தட்டி ஒரு கட்டு எடுத்தார்கள். முதல் தாளே எழுதப்படாமல் இருந்தது.

பதினொரு மணிக்கு டாக்டரும் நானும் குடும்பத்திடம் பேசினோம். டாக்டர்தான் தொடங்கினார். நடுவில் நான், "ஊசி போட்டது நான்தான்" என்றேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். வராண்டாவில் அவர் யாரிடமோ செல்போனில் உரக்கப் பேசுவது கேட்டது. ஐயாவின் மனைவி, அந்த அம்மா மட்டும், "அப்படியென்றால் நான் கொடுத்த இட்லியால் இல்லையா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து யாரோ அவரிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் கொடுத்தீர்கள், நான் பார்த்தேன் என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயா ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவில்லை. இன்று காலை கால் கட்டுப் பிரிக்கும்போது, "அந்தச் சிவப்பு மூடி விஷயத்தைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஒரு சிவப்பும் ஒரு ஆரஞ்சும் வைத்து அவருக்கும் அம்மாவுக்கும் காட்டினேன். அம்மா இரண்டு முறை தானே எடுத்துச் சொன்னார். நாளை புதன்கிழமை அவர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் நாட்களுக்கு வாடகை வாங்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நிர்வாகம் ஒப்புக்கொண்டதா என்று தெரியவில்லை. நாளைக்கு நானே போய்க் கேட்கப்போகிறேன்.

சூப்பரிண்டென்டென்ட் என்னிடம் பேசுவதில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு நிர்வாக அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஏழாம் வார்டு அக்கா சொன்னபடி, சான்றிதழ் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் டெலிபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலை இடத்தில் இருந்தார். பின்னால் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த மனிதர் பிழைத்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு உதவி வேண்டும். ஃப்ரிட்ஜில் இன்னும் மூன்று கேட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. ஆரஞ்சு மூடி ஊசி ஒரு பெட்டி வாங்கி, தனித் தட்டில் வைத்து, மேலே 100 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் கேட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி எடுப்பதே கூடாது, பேனாவில் பொருத்தித்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். பேனா தனியாக வாங்கித் தர மருந்தகம் மறுக்கிறது. வார்டுக்குப் பேனா கேட்டுக் கடிதம் எழுதியவர்கள் யாராவது இருந்தால், அதில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். நோயாளிக்கு ஒன்று என்று கேட்க வேண்டுமா? ஊசியை மாற்றினாலும் ஒரே பேனாவை இரண்டு பேருக்குப் போடக்கூடாது என்று படித்திருக்கிறேன். நாளை இரவு மறுபடியும் எனக்குப் பணி.